தடம் மாற்றியில் கோளாறா? காரணம் காண்போம்

கேமரன் மலையில் இரயில் கிடையாது. கம்போங் ராஜாவில் வளர்ந்த எங்களைப் போன்றோர் சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போவுக்கு இறங்கினால்தான் இரயிலைப் பார்க்கலாம். அந்த ஏக்கமோ என்னவோ, பல்கலைக்கழக விடுதியில் நண்பர்களோடு சேர்ந்து ஹெச்.ஓ. அளவில் ஒரு மாதிரி இரயில் தடம் அமைத்தேன். உண்மை இரயிலில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர்.

இதில் அதிகம் தொல்லை தருவது, வண்டியை வேறு தடத்துக்குத் திருப்பும் தடம் மாற்றிதான். நகரும் பாகமும் மின் தொடர்பும் அங்கே ஓரிடத்தில் சேர்கின்றன. கோளாறு கண்டவுடன் திருகாணியைக் கழற்ற வேண்டாம், நண்பர்களே! முதலில் கேள்விகள் கேட்போம்.

1. எல்லாப் பெட்டிகளும் தடம் புரள்கின்றனவா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டுமென்றால் அதன் சக்கரத்தைச் சோதியுங்கள். ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் உட்பக்க இடைவெளி சுமார் 14.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

2. எல்லாமே புரள்கின்றனவா? நகரும் நாக்குத் தண்டவாளத்தின் கூர்முனை பக்கத் தண்டவாளத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். இடையில் காகிதத் துண்டு எளிதாக நுழைந்தால், சரளைத் துகளோ காய்ந்த பசையோ தடுக்கிறதா என்று பாருங்கள்.

3. புரளாமல் நின்றுவிடுகிறதா? மின்சாரம் தடைப்படுகிறது. நாக்கு தொடும் இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள்.

4. நாக்கு பாதியில் நிற்கிறதா? கையால் தள்ளினால் தாராளமாக நகருமானால், சுருள் மோட்டாருக்கு மின்சாரம் போதவில்லை. மெல்லிய, நீண்ட கம்பியை மாற்றுங்கள். பொத்தானை அழுத்திப் பிடிக்காதீர்கள், சுருள் கருகிவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தால்தான் எது காரணம் என்பது தெரியும்.

இது வெறும் விளையாட்டன்று. 2023 ஜூன் 2-ஆம் நாள், ஒடிசாவின் பஹானகா பஜார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு இரயிலுக்கு நேர்த்தடத்தில் செல்லப் பச்சை விளக்கு எரிந்தது. தடம் மாற்றியோ பக்கத் தடத்துக்குத் திரும்பியிருந்தது. அங்கு நின்ற சரக்கு இரயிலில் மோதி 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சமிக்ஞை மின்சுற்றில் முன்பு செய்த மாற்றங்களில் நேர்ந்த குறையே காரணமென்று விசாரணை காட்டியது.

ஆகவே, பழுது பார்த்தபின் விளக்கு சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். நாக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று குனிந்து கண்ணால் பாருங்கள். மேசைமேல் பழகும் இந்தப் பழக்கம், நாளை பொறியியலாளராகப் போகும் நம்மில் ஒருவருக்கு உயிர்காக்கும் பழக்கமாகும்.