புள்ளி வைக்க மறந்த நாள்

கதிர்காமம், புதுச்சேரி

அன்புள்ள மருமகளுக்கு,

"சிஎன்சி புரோகிராமர் என்றால் ஏசி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படம் போடுவதுதானே மாமா?" என்று கேட்டிருந்தாய். பாதி சரி. மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு பட்டறையில் மில்லிங் மெஷினுக்கு நானே புரோகிராம் எழுதினேன். டூல் ஜாபுக்கு, அதாவது வெட்டப்போகும் துண்டுக்கு, மேலே 50 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். இசட் 50 என்று அடித்துவிட்டுப் பின்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வைக்கவில்லை. அந்த கன்ட்ரோலரில் புள்ளி இல்லாத எண்ணுக்கு மைக்ரான் கணக்கு. நான் நினைத்த 50, அதற்கு 0.05 மில்லிமீட்டர். டூல் ரேபிட்டில், அதாவது முழு வேகத்தில், இறங்கி ஜாபை உரசாத குறையாக நின்றது. அடுத்த வரியில் பக்கவாட்டில் பாய்ந்தது. வழியில் கிளாம்ப். டூலாக இருந்த எண்ட்மில் இரண்டு துண்டு, ஸ்பிண்டிலில் ஆட்டம், மெஷின் மூன்று நாள் சும்மா கிடந்தது. சிங்கிள் பிளாக்கில் வரி வரியாக ஓட்டியிருந்தால் இறங்கிய இடத்திலேயே கண்டுபிடித்திருப்பேன். அவசரம்.

புள்ளிக்கு அடுத்தது அலகு. உலகுக்கு மீட்டரைக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் ஆண்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, அங்குலத்தில் படம் வந்தால் இன்னும் 25.4ஆல் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்!

மெஷினை எண்களால் ஓட்டும் இந்த வித்தைக்கு வயது அதிகம். அமெரிக்காவில் ஹெலிகாப்டர் இறக்கை செய்துவந்த ஜான் பார்சன்ஸின் யோசனையில் தொடங்கி, 1952இல் எம்.ஐ.டி.யில் ஓட்டை போட்ட காகித நாடாவைப் படித்து ஓடும் மில்லிங் மெஷினைக் காட்டினார்கள். நாடா போய்விட்டது. ஆனால் புரோகிராமின் தலையில் இன்றும் ஒரு சதவீதக் குறி நிற்கும். நாடாவைத் திரும்பச் சுற்றும்போது எங்கே நிறுத்துவது என்பதற்கான அடையாளம். இது எதற்கு என்று கேட்ட பையன்கள் குறைவு. நீ கேட்பாய்.

இப்போது கேம் (CAM) மென்பொருள் டூல் போகும் பாதையைப் போட்டுத் தருகிறது. நல்லதுதான். ஆனால் ஜாபை எவ்வளவு இறுக்கினோம் என்பது அதற்குத் தெரியாது. மெல்லிய சுவருள்ள அலுமினிய வளையத்தை மூன்று தாடை சக்கில் இறுக்கி உள்ளே கடைந்து பார். மெஷினில் இருக்கும்வரை வட்டமாகத்தான் அளக்கும். சக்கைத் தளர்த்தியதும் மூன்று பக்கம் புடைத்து நிற்கும். புரோகிராமில் ஒரு தப்பும் இருக்காது, பீஸ் மட்டும் ரிஜெக்ட்.

வெயிலும் அப்படித்தான். அளவு என்றால் 20 டிகிரியில் அளந்தது என்றுதான் உலகம் முழுக்கப் பொருள். நம் ஊர் மே மாதத்தில் பட்டறை 35 டிகிரி இருந்தால், 200 மில்லிமீட்டர் எஃகு ஏறக்குறைய 35 மைக்ரான் நீண்டிருக்கும். 50 மில்லிமீட்டர் துளைக்கு எச்7 என்று படத்தில் போட்டிருந்தால் உனக்குக் கொடுத்திருக்கும் இடமே 25 மைக்ரான்தான். கடைந்த சூட்டோடு அளந்து, டூல் அளவைத் திருத்தும் ஆஃப்செட்டை மாற்றினால் என்ன ஆகும், நீயே கணக்குப் போடு.

அதனால்தான் சொல்கிறேன், முதல் வருடம் ஆபரேட்டராக நில். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையிலேயே தேடலாம். டூலின் வெட்டு முனையான இன்சர்ட் மழுங்கும்போது சத்தம் மாறும். அது மெஷின் பக்கத்தில் நின்றால்தான் காதில் ஏறும். கூலண்ட் நாற்றம் சட்டையில் ஒட்டும், அக்கா திட்டுவாள், நான் பேசிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது, 50 மில்லிமீட்டர் சதுரத் தகட்டில் நான்கு மூலைக்கும் துளை போட ஒரு புரோகிராம் கையால் எழுதிக்கொண்டு வா. கம்ப்யூட்டர் வேண்டாம், பென்சில் போதும். கிளாம்ப் எங்கே வைப்பாய் என்பதையும் வரைந்திரு. முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

அன்புடன்,
மாமா