ஸ்டாக்கைத் துடைப்பது யார்?

32 பிட் விண்டோஸ் புரோகிராம் ஒன்று என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. டிஎல்எல் பைலில் உள்ள ஒரு பங்ஷனை அழைப்பேன். விடை சரியாக வரும். ஆனால், அழைத்த என் பங்ஷன் முடியும் இடத்தில் புரோகிராம் கவிழ்ந்துவிடும். டீபக்கரின் கால் ஸ்டாக் விண்டோவில் பங்ஷன் பெயர்களுக்குப் பதில் அர்த்தமில்லாத முகவரிகள். டீபக்கர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது!

நான் அனுப்பிய இரண்டு எண்கள் ஸ்டாக்கில் 8 பைட் இடம் பிடிக்கும். வேலை முடிந்ததும் அதைத் துடைக்க வேண்டும். சிடெக்ல் முறையில் அழைத்த பங்ஷன் துடைக்கும். எஸ்டிடிகால் முறையில் அழைக்கப்பட்ட பங்ஷனே துடைத்துவிடும். டிஎல்எல் இரண்டாவது வகை. நான் டிக்ளரேஷனில் எதுவும் குறிப்பிடாததால் கம்பைலர் முதல் வகை என எடுத்துக்கொண்டது. இரண்டு பேருமே துடைத்தோம்.

பிராசசருக்கு இந்த ஒப்பந்தம் தெரியாது. டீபக்கரும் கம்பைலர் எழுதிவைத்த தகவலைத்தான் நம்புகிறது. எனவே நீங்களே சோதியுங்கள். ஆர்கியுமென்ட்டுகள் ஸ்டாக்கில் ஏறும் முன் ரிஜிஸ்டர்ஸ் விண்டோவில் இஎஸ்பி மதிப்பைக் குறித்துக்கொண்டு, துடைத்து முடிந்தபின் மீண்டும் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு 8 கூடியிருந்தது. டிக்ளரேஷனில் எஸ்டிடிகால் என்று ஒரு சொல் சேர்த்தேன், சரியாகிவிட்டது.

64 பிட் விண்டோஸில் இந்தத் தொல்லை குறைவு. முதல் நான்கு ஆர்கியுமென்ட்டுகள் ரிஜிஸ்டர்களில் போகின்றன. ஸ்டாக் அழைப்பவர் பொறுப்பு. லினக்ஸில் ஆறு ரிஜிஸ்டர்கள், அவையும் வேறு வரிசையில்.