தீவகத்தில் பழைய கார் ஒட்ட வெல்டிங் பிளான்ற் வாங்க முன்

பெற்றோலுக்குத் தடை இருந்த 1990களில் மண்ணெண்ணெயில் ஓடி யாழ்ப்பாணத்து மக்களைச் சுமந்தவை ஒஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும். எஞ்சின் பழுதானால் திருத்த இன்றைக்கும் ஆளுண்டு. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பக்கம் இந்தக் கார்களைக் கொல்வது கறள்தான். வீட்டிலேயே தகர வேலை செய்ய நினைப்பவர்கள் கடையில் “எத்தனை அம்பியர் வரைக்கும் கூட்டலாம்?” என்று கேட்கிறார்கள். எவ்வளவு குறைக்கலாம் என்றல்லவா கேட்க வேண்டும்!

1. பிளான்ற் வாங்க முன் காருக்குக் கீழே படுத்துப் பாருங்கள். 1952 முதல் 1954 வரை வந்த ஏ-40 சமர்செற்றுக்குத் தனிச் செசி உண்டு. மொறிஸ் மைனர் சலூனுக்கு அது இல்லை. பொடியே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் சில், பின் ஸ்பிறிங் பூட்டும் இடம், காலடித் தகரம் மூன்றையும் ஸ்குறூ ட்றைவரால் குத்திப் பாருங்கள். ‘டங்’ என்றால் நல்ல தகரம். முனை உள்ளே இறங்கினால், கறள் அந்த ஓட்டையோடு நிற்கவில்லை என்று அர்த்தம். தகரம் வெள்ளையாகப் பளபளக்கும் இடம் வரை வெட்டியெடுத்த பிறகே ஒட்ட வேண்டும். கறளின் மேல் போட்ட ஒட்டு பிடிக்காது.

2. ரொட் வைத்து ஒட்டும் ஆர்க் பிளான்ற் மலிவுதான். கேற், கிறில், ட்ரெயிலருக்கு அது போதும். கார்த் தகரமோ ஏறத்தாழ 1 மி.மீ. தடிப்பு. 2.5 மி.மீ. ரொட்டுக்கு 60 அம்பியருக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் தகரம் உருகி ஓட்டை பெரிதாகும். காருக்கென்று இதை வாங்காதீர்கள்.

3. என் தெரிவு, கம்பியும் வாயுவும் கொண்டு ஒட்டும் சின்ன இன்வேர்ட்டர் மிக் பிளான்ற். 30 அம்பியர் வரை இறங்க வேண்டும். 0.6 மி.மீ. கம்பி ஓட, கம்பி தள்ளும் உருளையில் அந்த அளவுத் தவாளிப்பு இருக்க வேண்டும். பலரும் பார்க்காமல் விடுவது இதைத்தான். ஆர்கனும் ஐந்தில் ஒரு பங்கு காபனீரொட்சைட்டும் கலந்த வாயு மெல்லிய தகரத்துக்கு நல்லது. தனிக் காபனீரொட்சைட்டிலும் ஒட்டலாம். ஆனால் பொறி கூடத் தெறிக்கும், சூடும் கூடும்.

4. தகர வேலை செய்யும் பழைய ரிங்கர்மார் காஸ் வெல்டிங்கில் அற்புதம் செய்தார்கள். அது கைப்பழக்கம். புதிதாகத் தொடங்குபவரிடம் அந்தச் சூடு பரவித் தகரம் நெளிந்துவிடும். அசெற்றலீன் சிலிண்டரை வீட்டில் வைப்பதையும் நான் விரும்பவில்லை.

5. சோளகம் வீசும் மாதங்களில் திறந்த முற்றத்தில் மிக் வேலை வேண்டாம். காற்று வாயுவை அள்ளிக்கொண்டு போக, ஒட்டு பொருபொருவென்று ஓட்டை விழுந்து வரும். வாயுவைக் கூட்டித் திறப்பதால் பயனில்லை. மூன்று பக்கம் தகரத்தால் மறையுங்கள். கிடுகும் படங்கும் தீப்பிடிக்கும், பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

6. மின்சாரம். 80 அம்பியரில் ஒட்டும்போது சின்ன இன்வேர்ட்டர் பிளான்ற் வீட்டு 230 வோல்ற் இணைப்பிலிருந்து சுமார் 10, 12 அம்பியர் இழுக்கும். 13 அம்பியர் பிளக் அதைத் தாங்கும். பழைய 5 அம்பியர் பிளக்கில் மாட்டவே கூடாது. நீட்டு வயர் 2.5 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது, சுருளை முழுதாக அவிழ்த்துவிட வேண்டும். ஜெனறேற்றரில் ஓட்டுவதென்றால் 5 கே.வி.ஏ.க்குக் குறையாதது எடுங்கள்.

7. ‘டியூட்டி சைக்கிள் 20%’ என்றால் அந்த அம்பியரில் பத்து நிமிடத்துக்கு இரண்டு நிமிடம்தான் ஒட்டலாம். கார்த் தகரத்துக்கு அது தாராளம்.

8. கடைக்கு ஒரு துண்டுத் தகரம் கொண்டுபோய் ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல் ஒரே சீரான சத்தம் வர வேண்டும். விட்டுவிட்டு வெடித்தால், கம்பி சீராக வரவில்லை அல்லது வோல்ற் பொருந்தவில்லை. செற்றிங்கை மாற்றியும் சரிவராவிட்டால் விட்டுவிடுங்கள்.

9. நீளமாக இழுத்து ஒட்டாதீர்கள். இங்கே ஒரு பொட்டு, எதிர்முனையில் ஒரு பொட்டு, தொடச் சுடாத பிறகு அடுத்தது. ஓட்டை விழும் இடத்தில் பின்னால் தடித்த செப்புத் தகடு பிடியுங்கள். செப்பில் ஒட்டு பிடிக்காது, சூட்டையும் அது இழுத்துக்கொள்ளும்.

10. பற்றரி வயரைக் கழற்றுங்கள். பெற்றோல் தாங்கிக்குக் கிட்ட வேலையென்றால் தாங்கியையே இறக்குங்கள். அடியில் பூசிய தாரைச் சுரண்டாமல் ஒட்டினால் மறுபக்கம் எரியத் தொடங்கும். தண்ணீர் வாளியோடு ஒருவர் அங்கே நிற்கட்டும். நாகம் பூசிய தகரத்தின் வெள்ளைப் புகை காய்ச்சல் தரும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போதாது, வெல்டிங் முகமூடி கட்டாயம்.

11. கம்பிச் சுருளைப் பிளான்ற்றிலேயே விட்டுவைக்காதீர்கள். உப்புக்காற்றில் அதுவும் கறள் கட்டி, குழாயில் சிக்கும். வேலை முடிய, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு மூடிவையுங்கள். சிறிய சுருளாகவே வாங்குங்கள்.

12. நயினாதீவு, நெடுந்தீவுக்காரர் சிலிண்டரைக் குறிகட்டுவானிலிருந்து வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். அவர்களுக்கு வாயு தேவைப்படாத, உள்ளே மருந்து நிரப்பிய கம்பியும் ஓடும் பிளான்ற் உதவும். காற்றிலும் அதன் ஒட்டு கெடாது. அந்தக் கம்பி பெரும்பாலும் 0.8 மி.மீ.க்கு மேல், சூடு கூட. கதவுக்குக் கீழுள்ள சில்லுக்கும் செசிக்கும் சரி, மட்கார்ட், கதவுக்குச் சரிவராது. அவற்றைப் பூட்டுக் கழற்றி, கரையில் நல்ல ரிங்கரிடம் கொடுத்து வாங்குங்கள். கம்பியை மாற்றிப் போடும்போது, வாயுக் கம்பிக்கு ரோர்ச் பொசிற்றிவிலும் மருந்துக் கம்பிக்கு நெகற்றிவிலும் இருக்க வேண்டும். உள்ளே அந்த இணைப்பை மாற்ற வசதியில்லாத பிளான்ற்றை வாங்காதீர்கள்.