வண்டி கொதித்தால் ஹெட் கேஸ்கெட்தான் காரணமா? மலையேறுபவர்களுக்குச் சில குறிப்புகள்

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேலத்தில் கிளம்பிய வண்டி, 1,500 மீட்டர் வரை பெரும்பாலும் சின்ன கியரிலேயே ஏற வேண்டியிருக்கிறது. கோடை விழாக் கூட்டத்தில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, வண்டி நிறைய ஆளும் மூட்டையுமாக ஒரு பஸ்ஸின் பின்னால் ஊர்ந்து வந்தால், ஒண்டிக்கடை ரவுண்டானாவைத் தொடும்போது பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பலாம். பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஹெட் கேஸ்கெட் அடிச்சிருச்சு சார்” என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கேஸ்கெட் மாற்ற ஹெட்டையே கழற்ற வேண்டும். கேஸ்கெட்டின் விலையைவிடக் கூலியும் லேத் வேலையும்தான் கையைக் கடிக்கும். ஒரே ஓர் அறிகுறியை வைத்து அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

1. வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டதும் ஏ.சி.யை அணைத்து, ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். “இன்னும் ரெண்டு வளைவுதானே” என்று ஓட்டும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் அலுமினிய ஹெட் வளைகிறது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருந்து சிலிண்டர் வாயு, தண்ணீர், ஆயில் மூன்றையும் பிரித்து வைப்பதுதான் கேஸ்கெட். ஹெட் வளைந்தால் அதன் பிடி தளர்ந்துவிடும்.

2. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ஏற்காட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பதால்தான் அதற்கு மேலும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திருகினால் அழுத்தம் விட்டுப்போய், மொத்தமும் முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற வரை காத்திருங்கள். சூடான இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஹெட்டில் விரிசல் விழும். கீழே சிந்திய கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். நாய் நக்குவதற்குள் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

3. முதலில் சின்னச் சின்னக் காரணங்களைப் பாருங்கள். ஃபேன் சுற்றுகிறதா, பெல்ட் இருக்கிறதா, ஹோஸ் கசிகிறதா, ரேடியேட்டர் முகப்பில் சேறும் சருகும் அடைத்திருக்கிறதா? மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. சமவெளியில் ஓடிய வண்டி மலையில் கொதிக்க அது ஒன்றே போதும். புது மூடி போட்டதோடு முடிந்துவிடும் தொல்லைகளும் உண்டு.

4. வெள்ளைப் புகையை மட்டும் நம்பாதீர்கள். மார்கழிப் பனியில் ஏற்காட்டில் காலையில் ஸ்டார்ட் செய்யும் எந்த வண்டியும் வெள்ளையாகத்தான் விடும். அது சைலன்சரில் தேங்கிய ஈரம். இன்ஜின் நன்றாகச் சூடேறிப் பத்து நிமிடம் ஓடிய பிறகும் புகை அடர்த்தியாக வந்து, காற்றில் கரையாமல் தங்கி, இனிப்பு வாடையும் அடித்தால் சந்தேகப்படலாம். வெளியே எங்கும் கசிவில்லாமல் கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால் சந்தேகம் வலுக்கிறது.

5. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் ஆடைபோல வெளுப்பாகப் படிந்திருப்பதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். எஸ்டேட்டுக்கும் கடைவீதிக்கும் மட்டும் போய்வரும் ஜீப்பில், இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராததால், மூடுபனிக் காலத்தில் அப்படிப் படிவது சகஜம். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதிலும் ஆயில் காப்பி நிறத்தில் குழம்பி, அளவும் ஏறியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அதன்பின் இன்ஜினை ஓட்டவே கூடாது, பேரிங் போய்விடும். ஆனால் ஆயில் சுத்தமாக இருப்பதாலேயே கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. சிலிண்டருக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் நடுவே மட்டும் கிழிந்திருந்தால் ஆயில் தெளிவாகவே இருக்கும்.

6. வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல சோதனை இது. இரவெல்லாம் ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விளிம்புவரை நிரப்பி, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு பாருங்கள். முதலில் நாலைந்து குமிழி வந்து நின்றுவிட்டால் அது உள்ளே தங்கிய காற்று. நிற்காமல் வந்து, ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கப் பொங்கி வழிந்தால் சிலிண்டர் புகை தண்ணீருக்குள் போகிறது. சூடேறத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். அடுத்த முறை இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸை அமுக்குங்கள். ஓரிரு நிமிடத்திலேயே, இன்னும் குளிர்ச்சியாக இருக்கும்போதே அது கல்லாக விறைத்தால் அதுவும் அதே நோய்தான். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நான் கேஸ்கெட்டைத்தான் சந்தேகிப்பேன்.

7. பெட்ரோல் வண்டியில் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். மற்றவை பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல் இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது. இரவு நிறுத்திய வண்டியில் காலையில் செல்ஃப் அடித்ததும் இன்ஜின் “டக்” என்று பாதியில் நின்றால் மறுபடி மறுபடி அடிக்காதீர்கள். உள்ளே தேங்கிய தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

8. ஹெட்டைத் திறக்கும் முன் மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் சோதனை கேளுங்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் குறைந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிறத் திரவச் சோதனையும் உண்டு. பெட்ரோல் இன்ஜினின் புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும்.

9. இதுவரை சொன்னது வண்டிக்கு. ஏரியில் ஓடும் மோட்டார் படகுக்குக் கணக்கு வேறு. பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஏரித் தண்ணீரையே உறிஞ்சித் துப்புகிறது. அதனால் குமிழிச் சோதனை செல்லாது. பக்கவாட்டில் பீய்ச்சும் மெல்லிய தண்ணீர்த் தாரையைக் கவனியுங்கள். அது மெலிந்தால் உறிஞ்சும் வாயில் பாசியோ பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கும், அல்லது பம்பின் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கும். கேஸ்கெட்டைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். அடியில் உள்ள கியர் ஆயில் வெளுத்திருந்தால் அது சீல் கோளாறு. ஹெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படகுக்குள் பொருத்திய இன்ஜினில் புகைபோக்கிப் பாதையை ஏரித் தண்ணீர் குளிர்விப்பதால், அங்கே துரு தின்றிருந்தாலும் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கும். அதைப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள். படகில் பிளக்கும் கம்ப்ரஷனும்தான் நம்பகமான சாட்சி.

10. ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவது பழைய டிரைவர்களின் கைவைத்தியம். பொடி ஓட்டைக் கசிவைச் சற்று நேரம் அடைக்கலாம். கிழிந்த கேஸ்கெட்டுக்கு உதவாது. பிறகு ரேடியேட்டரையே அடைத்துக்கொள்ளும்.

11. “இறக்கம்தானே, இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரலில் சேலத்துக்கு உருட்டிடலாம்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி சில மிதிகளிலேயே தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். அந்த 20 வளைவுகளில் அது உயிருக்கு உலை. காசு போனாலும் போகட்டும், ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

12. ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்று முடிவானால், கூடவே நின்று பாருங்கள். ஹெட்மேல் நேர்ப்பட்டை வைத்து ஃபீலர் கேஜால் வளைவை அளக்க வேண்டும். வளைந்திருந்தால் லேத்தில் ஃபேசிங் செய்ய வேண்டும். போல்டுகளை நடுவிலிருந்து வெளியே, கம்பெனி சொன்ன வரிசையில், டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். சில இன்ஜின்களில் பழைய போல்டை மறுபடி போடக் கூடாது. முதலில் ஏன் கொதித்தது என்பதைக் கண்டுபிடிக்காமல் மூடினால், அடுத்த மலை ஏற்றத்தில் புதுக் கேஸ்கெட்டும் போகும். கழற்றிய பழைய கேஸ்கெட்டைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். போன இடத்தில் சிலிண்டர் வளையத்திலிருந்து தண்ணீர்த் துளைக்கோ பக்கத்துச் சிலிண்டருக்கோ கறுத்த தடம் ஓடியிருக்கும். தடமே இல்லையென்றால், ஹெட்டை மாட்டுவதற்கு முன்பே விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.