மறைத்து வைத்த காயம்



கடும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மாற்ற மறுக்கும் பிள்ளையின் கையில், தானே உண்டாக்கிய காயங்களை ஒருநாள் காண்கிறீர்கள். நெஞ்சு பதைக்கும், கோபமும் வரும். “எங்களை மிரட்டவா இப்படிச் செய்தாய்?” என்று வாய் கேட்டுவிடும். அப்படிக் கேட்குமுன் சற்றே பொறுங்கள்.

தன்னைத் தானே ஒருவர் ஏன் வருத்திக்கொள்கிறார்? பெரும்பாலும் பிறர் காண்பதற்காக அல்ல; ஆகையால்தான் மறைக்கிறார். சொல்லமுடியாத துயரமும், தன்மேல் தனக்கே உண்டான வெறுப்பும் உள்ளே பொங்கும்போது, உடல் நோவு அதைச் சற்று நேரம் அடக்குகிறது. சிலருக்கோ மனம் மரத்துப்போயிருக்கும். ஆனால் அந்த ஆறுதல் நிலைப்பதில்லை, வெட்கமே மிஞ்சுகிறது. அந்த வெட்கமே மறுபடியும் அதே செயலுக்குத் தள்ளுகிறது.

அமெரிக்காவில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த மார்ஷா லினஹன், 1961-ம் ஆண்டு தம் 17-ம் வயதில், இதே துன்பத்தோடு மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இரண்டாண்டுக்கு மேல் அங்கிருந்தார். பிற்பாடு மனோதத்துவம் கற்று, இவ்வாறு வருந்துவோருக்கென்று ஒரு சிகிச்சை முறையை வகுத்தார். இன்று பல நாடுகளில் அது கையாளப்படுகிறது. தம் சொந்தக் கதையை 2011-ல்தான் வெளியே சொன்னார். அம்முறையின் சாரம் இது: துன்பம் மெய்யென்று ஏற்றுக்கொள்ளவேண்டும், அதைத் தாங்க வேறு வழியும் கற்றுக்கொள்ளவேண்டும்.

வீட்டில் நாம் செய்யத்தக்கவை:

1. திட்டவேண்டாம். காயத்துக்கு மருந்திட்டு, அருகே உட்கார்ந்து, “கண்ணு, மனசிலே என்ன கஷ்டம்?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

2. “இனிச் செய்யமாட்டேன்” என்று சத்தியம் வாங்காதீர்கள். தவறினால் இன்னும் நன்றாக மறைக்கவே பிள்ளை பழகும்.

3. “சாகவேண்டுமென்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. ஆம் என்றால் தனியே விடாமல், ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்தி, உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

4. மற்றச் சமயங்களிலும் மனநல மருத்துவரை நாட வெட்கப்படவேண்டாம். இந்திய அரசின் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ஜெபிக்கிறோம், வைத்தியரிடமும் போகிறோம். இதற்கும் அப்படியே செய்வோமாக.

இன்றிரவு ஜெபமாலை முடிந்தபின், பிள்ளையருகே பத்து நிமிடம் உட்காருங்கள். கையைச் சோதிக்கவேண்டாம், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.