உங்கள் உள்ளங்காலை நேற்று பார்த்தது யார்?
நீரிழிவுள்ள முதியோரின் பாதப் பராமரிப்பை வீட்டிலேயே மதிப்பிடும் முறை

கிளியனூர், மரக்காணம் பகுதிகளிலிருந்து வரும் முதியோரிடம், “பாதங்களைக் கவனித்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்டால், பெரும்பாலோர் “ஆம்” என்றே விடையளிக்கின்றனர். “நேற்று உங்கள் உள்ளங்காலைப் பார்த்தது யார்?” என்று நாங்கள் மாற்றிக் கேட்கும்போது பலர் மௌனமாகிவிடுகின்றனர். குனிய இயலாமையும் பார்வைக் குறைவும் இதற்குக் காரணங்கள், அலட்சியம் மட்டுமன்று.

நீரிழிவு நெடுநாள் நீடிக்கும்போது பாத நரம்புகள் உணர்விழக்கின்றன. இரத்த ஓட்டமும் குறையக்கூடும். முள் தைத்தாலும் சூடு பட்டாலும் வலி தெரிவதில்லை. வலியில்லாத புண்ணை எவரும் பொருட்படுத்துவதில்லை. தொற்று எலும்பு வரை பரவினால் விரலையோ காலையோ அகற்ற நேரிடலாம்.

உப்பள வேலையில் இந்த ஆபத்து மிகுதி. உப்புநீர் தோலை உலர்த்திப் பித்தவெடிப்பை உண்டாக்குகிறது. உப்புப் படிகங்கள் கீறுகின்றன. பாத்திகளில் வெறுங்காலுடன் நின்று பழகியவருக்குச் செருப்பு பாரமாகத் தோன்றுவது இயல்பே. உணர்விழந்த காலுக்கோ அதுவே காவல்.

கீழ்க்காணும் வினாக்களை, கடந்த ஏழு நாள்களை மனத்திற்கொண்டு, பராமரிப்பவர் கேட்கலாம்.

1. நாள்தோறும் உள்ளங்காலும் விரலிடுக்கும் பார்க்கப்பட்டனவா? (குனிய இயலாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.)
2. கழுவியபின் விரலிடுக்குகளில் ஈரம் துடைக்கப்பட்டதா?
3. வெடிப்புக்கு எண்ணெயோ களிம்போ தடவும்போது விரலிடுக்குகள் தவிர்க்கப்பட்டனவா?
4. வீட்டினுள்ளும் செருப்பு அணியப்பட்டதா?
5. அணியுமுன் செருப்பினுள் கல், முள் உள்ளனவா என்று தடவிப் பார்க்கப்பட்டதா?
6. நகம் நேராக வெட்டப்பட்டதா?
7. ஆணிக்காலைப் பிளேடால் சீவுதல், வெந்நீரில் உப்பிட்டுக் கால் ஊறவைத்தல் ஆகியன தவிர்க்கப்பட்டனவா?

“இல்லை” என்ற விடை ஒன்று வந்தாலும், அதுவே இவ்வாரம் மாற்றவேண்டிய பழக்கம். குறை கூறுவதற்காக இவ்வினாக்களைப் பயன்படுத்தலாகாது. கடிந்துகொண்டால் முதியவர் அடுத்த முறை உண்மையை மறைத்துவிடுவார்.

அடுத்து, உணர்வை அறியும் எளிய சோதனை ஒன்று உண்டு. இங்கிலாந்தின் இப்சுவிச் நகரில் உருவானது இது. முதியவர் கண்களை மூடிக்கொள்ளட்டும். இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் சுட்டுவிரலால் ஓரிரு நொடிகள் மென்மையாகத் தொடுங்கள்; அழுத்தவோ தட்டவோ வேண்டா. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படவில்லையெனில் மருத்துவரைக் காணுங்கள்.

சோதனையில் குறையில்லாவிடினும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் பாதப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். உணர்வோ இரத்த ஓட்டமோ குறைந்திருப்பின் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறையும், முன்பு புண் வந்தவர்கள் 1 முதல் 3 மாதங்களுக்கு ஒருமுறையும் வருதல் நலம். எம்.சி.ஆர். செருப்பு தேவையா என்பதையும் அப்போது முடிவு செய்யலாம்.

புண், கொப்புளம், சிவப்பு, வீக்கம், கருமை, துர்நாற்றம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், வலி இல்லையென்று காத்திராமல் அன்றே வாருங்கள். வரும்போது வழக்கமாக அணியும் செருப்பையும் கொண்டுவாருங்கள். அதன் தேய்மானத்திலிருந்தும் நாங்கள் அறிந்துகொள்வது உண்டு.