குறட்டையும் இதயத்துடிப்பும்

இதயத்துடிப்புக் கோளாறுக்காக வருபவர்களிடம் உறக்கத்தைப் பற்றி நான் வினவும்போது பலர் வியப்படைகின்றனர். "நன்றாகத்தான் தூங்குகிறேன், டாக்டர்" என்பார் நோயாளி. உடன் வந்திருக்கும் மனைவி சற்றுத் தயங்கி, "குறட்டை விட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று சத்தம் நின்றுவிடும். மூச்சு வருகிறதா என்று எழுந்து பார்ப்பேன்" என்பார். பகலில் எடுத்த ஈசிஜி சொல்லாததை அந்தச் சொற்கள் சொல்லிவிடுகின்றன.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அத்தளர்ச்சியால் மூச்சுப்பாதை குறுகுகிறது, அல்லது முழுவதும் மூடிக்கொள்கிறது. இதுவே உறக்க மூச்சுத்தடை. ஸ்லீப் ஆப்னியா என்று உங்கள் அறிக்கையில் காண்பீர்கள். குறைந்தது 10 விநாடி நீடிப்பதையே ஒரு தடையாகக் கணக்கிடுகிறோம். மணிக்கு 30 தடைகள் அல்லது அதற்கு மேல் எனில் நோய் தீவிரமானது.

உறிஞ்சுகுழாயின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், கன்னங்கள் உட்குழியும். மூடிய தொண்டைக்கு எதிராக மார்பு காற்றை இழுக்க முயலும்போதும் அத்தகைய இழுவிசையே உள்ளே உண்டாகிறது. அது மெல்லிய சுவர்களையுடைய இதயத்தின் மேலறைகளை விரித்து இழுக்கிறது. அதே வேளையில் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, துடிப்பும் மெதுவாகிறது. மூளை இடர் உணர்ந்து உறக்கத்தைக் கலைக்கும் கணத்தில் அட்ரினலின் பெருகுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, துடிப்பு விரைகிறது. நோயாளிக்கு இவற்றுள் எதுவும் காலையில் நினைவிருக்காது. தீவிர நோயுள்ளவருக்கு ஏழு மணி நேர உறக்கத்தில் இது 200 முறைக்கு மேல் நிகழ்கிறது. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு நிகழ்ந்தால் மேலறைகள் விரிந்து, தசையில் தழும்பு படிந்து, மின்னோட்டம் நெறி தவறுகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற துடிப்பு தோன்ற இது வழி செய்கிறது. அந்நிலையில் மேலறையில் இரத்தம் தேங்கி உறையலாம்; உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம்.

2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மின்னதிர்ச்சியால் துடிப்பு சீராக்கப்பட்டவர்களுள், மூச்சுத்தடைக்குத் தக்க சிகிச்சை பெறாதவர்களில் 82 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் கோளாறு திரும்பியது. சிகிச்சை பெற்றவர்களில் 42 விழுக்காட்டினருக்கே திரும்பியது. ஆனால் அது சிறிய ஆய்வு. 2016-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் சிபேப் கருவி மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைத்ததாகத் தெரியவில்லை. அதில் பங்கேற்றோர் கருவியை அணிந்தது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். எனவே கருவி வந்துவிட்டது என்று இரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்திவிட்டு வருபவர்களைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே அச்சம் உண்டாகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரவில் மட்டும் துடிப்பு மிகவும் குறைவதாக ஹோல்ட்டர் பதிவு காட்டினால், பேஸ்மேக்கர் பற்றி முடிவெடுக்குமுன் உறக்கப் பரிசோதனை செய்துகொள்வது நலம். மூச்சுத்தடை நீங்கியதும் அத்துடிப்புக் குறைவு பலருக்கு மறைந்துவிடுகிறது.

சிபேப் கருவி 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் அறிமுகப்படுத்தியது. முகமூடி வழியே இதமான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கிறது, அவ்வளவே. முதல் சில வாரங்கள் தொல்லையாகத்தான் இருக்கும். மூக்கு வறண்டாலோ காற்று கசிந்தாலோ கருவியைப் பரணில் ஏற்றிவிடாமல் எங்களிடம் கொண்டுவாருங்கள். முகமூடியின் அளவை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். எடையைக் குறைப்பது உதவும். மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும். தூக்க மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ள வேண்டா.

ஒல்லியானவர்க்கு இந்நோய் வராது என்று எண்ணற்க. தாடையின் அமைப்பாலும் வரும். பெண்கள் குறட்டையைச் சொல்லக் கூசுவதால் அவர்களிடம் இந்நோய் பெரும்பாலும் காலந்தாழ்ந்தே கண்டறியப்படுகிறது. குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: அவர் உறங்கும்போது கைபேசியில் சில நிமிடம் காணொளி எடுத்து, அடுத்த முறை வரும்போது காட்டுங்கள்.